அரசியல் நம்பிக்கையில் முதலில் வருவது சார்பா, காரணமா?

தராசுமுள்:

தாராளவாதம், பழமைவாதம், சோசலிசம் என்று நாம் வாதிடும்போது, ஒவ்வொருவரும் இவற்றையெல்லாம் வரிசையாகப் படித்து, எடைபோட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தவர்போலவே பேசுகிறோம். எனக்கு அதில் நெடுநாளாக ஐயம் உண்டு. பெரும்பாலானோரிடம் சார்பு முதலில் வந்து அமர்ந்துவிடுகிறது. அதற்கான காரணங்களைப் பிறகுதான் கருத்தியல்களிடம் கடன் வாங்குகிறோம்.

இதற்கு அடிப்படையான சான்று, பிலிப் கன்வர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1964இல் வெளியிட்ட கட்டுரை. 1956 தேர்தலையொட்டி எடுக்கப்பட்ட நேர்காணல்களில், கட்சிகளிடமும் வேட்பாளர்களிடமும் பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று மக்கள் தம் சொற்களிலேயே கூறியிருந்தார்கள். அவற்றை வகைப்படுத்தியபோது, ஒரு கருத்தியலை அளவுகோலாகக் கொண்டு பேசியவர்கள் 2.5 சதவீதம் மட்டுமே; அதைத் தொட்டும் தொடாமலும் பேசியவர்கள் 9 சதவீதம். ஏறத்தாழ 42 சதவீதத்தினர், இந்தக் கட்சி உழவர்களுக்கு நல்லது, அந்தக் கட்சி பெருமுதலாளிகளுடையது என்பதுபோல ஏதேனும் ஒரு பிரிவின் நலனை வைத்தே பேசினார்கள். அடுத்த 24 சதவீதத்தினருக்குக் காலம் நல்லதா கெட்டதா என்பதே அளவுகோல். எஞ்சிய 22.5 சதவீதத்தினரின் பதிலில் கொள்கை என்று சொல்லத்தக்கது எதுவுமே இல்லை.

அதைவிட வியப்பு, அதே மனிதர்களிடம் 1958இலும் 1960இலும் அதே கேள்விகளைக் கேட்டபோது, பலருடைய பதில்கள் எந்த ஒழுங்கும் இல்லாமல் முன்னும் பின்னும் மாறியிருந்தன என்பது. கொள்கை மாறிவிட்டது என்று அதைச் சொல்ல முடியாது. அந்தக் கேள்விகளில் அவர்களுக்கு உறுதியான கருத்தே இருந்திருக்கவில்லை. ஆனால் கட்சிச் சார்பு மட்டும் அசையாமல் நின்றது. அப்படியானால் அந்தச் சார்பு எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

நெடுங்கணக்கு:

பெருமளவுக்கு வீட்டிலிருந்து என்பதே பழைய விடை. அதில் ஒரு திருத்தம் தேவை. 1965இல் ஜென்னிங்ஸ், நீமி என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பள்ளி இறுதியாண்டு மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியே நேர்கண்டார்கள். கட்சிச் சார்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு நன்றாகவே கடத்தப்பட்டிருந்தது. ஆனால் தனித்தனிப் பிரச்சினைகளைப் பற்றிய கருத்துகளில் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இடையிலான ஒற்றுமை வியக்கத்தக்க அளவு குறைவு. பெயர்ப்பலகை வந்துவிடுகிறது, உள்ளே இருக்கும் சரக்கு வருவதில்லை.

இத்துடன் இரட்டையர்களைப் பற்றிய 2005ஆம் ஆண்டு ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே கருவில் தோன்றிய இரட்டையர்களையும் இரு கருவில் தோன்றிய இரட்டையர்களையும் ஒப்பிட்டதில், சமூக, பொருளாதாரக் கேள்விகளைப் பற்றிய மனப்பாங்கில் மரபணுவின் பங்கு கணிசமாக இருப்பதாகவும், எந்தக் கட்சி என்பதில் வளர்ப்பின் பங்கே மேலோங்குவதாகவும் தெரிந்தது. இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு: ஒரே கருவில் தோன்றியவர்களைச் சுற்றத்தார் நடத்தும் விதமும் கூடுதலாக ஒத்திருக்கக்கூடும். எனவே ‘பழமைவாதத்துக்கு ஒரு மரபணு’ என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம்.

செம்பருத்தி:

வீடு, மரபணு என்று பேசிக்கொண்டிருக்கிறோம்; அந்த வீட்டுக்குள் யார், எந்த நிலையில் வாழ்கிறார்கள் என்பதை ஏன் யாரும் கேட்கவில்லை? மனிதரின் உணர்வு அவர்களுடைய இருப்பைத் தீர்மானிப்பதில்லை, அவர்களுடைய சமூக இருப்பே உணர்வைத் தீர்மானிக்கிறது என்று மார்க்ஸ் 1859இல் எழுதினார். இதை வறட்டுச் சூத்திரம் என்று ஒதுக்குபவர்களுக்காக ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸ் மாகாணத்தில், கில்மெஸ் பகுதியில், 1981இல் ஏறத்தாழ 1,800 நிலமற்ற குடும்பங்கள் ஒரு வெற்று நிலத்தில் குடியேறின. அது அரசு நிலம் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். உண்மையில் அது பல துண்டுகளாகப் பல தனியாருக்குச் சொந்தமாக இருந்தது. 1984இல் மாகாண அரசு சட்டம் இயற்றி, உரிமையாளர்களுக்கு இழப்பீடு கொடுத்து, நிலத்தைக் குடியேறியவர்களுக்கே அளிக்க முன்வந்தது. சில உரிமையாளர்கள் இழப்பீட்டை ஏற்றார்கள். மற்றவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அதனால் சில குடும்பங்களுக்குப் பட்டா கிடைத்தது, பக்கத்திலேயே வாழ்ந்த வேறு சில குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்கில் கிடைக்கவில்லை. குடியேறும்போது எந்தத் துண்டில் யார் குடிசை போட்டார்கள் என்பதற்கும், பின்னாளில் எந்த உரிமையாளர் வழக்குப் போடுவார் என்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆய்வாளர் எவரும் திட்டமிட்டு நடத்த முடியாத ஒரு சோதனையைச் சட்டம் நடத்திவிட்டது.

பல ஆண்டுகள் கழித்து இரு சாராரிடமும், ஒருவர் தனியாக முயன்று முன்னேற முடியுமா, அல்லது ஒருவரையொருவர் தாங்கும் பெரிய குழு வேண்டுமா, மகிழ்ச்சிக்குப் பணம் எவ்வளவு முக்கியம் என்பன போன்ற கேள்விகள் கேட்கப்பட்டன. பட்டா பெற்றவர்கள் சந்தைக்கும் தனிமனித முயற்சிக்கும் சாதகமான பதில்களைக் கூடுதலாகச் சொன்னார்கள். அந்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. அந்த மக்களில் எவரும் சந்தைப் பொருளியலின் தந்தை எனப்படும் ஆடம் ஸ்மித்தைப் படித்து மனம் மாறவில்லை. ஒரு தாள் கைக்கு வந்தது, உலகத்தைப் பற்றிய பார்வை நகர்ந்தது.

பழஞ்சுவடி:

செம்பருத்தி அவர்களே, எடுத்துக்காட்டு அருமை. ஆனால் அது நிறுவுவது நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. உடைமை மனிதரை மாற்றுகிறது என்பதைப் பழமைவாதிகள் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வீட்டுரிமையைப் பரவலாக்கினால் சமூகம் நிதானப்படும் என்பது அவர்களுடைய பழைய கொள்கை. வர்க்க நிலையே நம்பிக்கையைத் தீர்மானிக்கிறது என்றால், பஞ்சாலை முதலாளியின் மகனாக இருந்தும் மார்க்ஸின் தோழரான எங்கெல்ஸ் எங்கிருந்து வந்தார்? வாக்காளர்களின் சொந்தப் பொருளாதார நலனைக் கொண்டு அவர்களுடைய கொள்கை நிலைப்பாட்டைக் கணிக்க முயன்ற ஆய்வுகள் பெரும்பாலும் ஏமாற்றத்திலேயே முடிந்தன. தன் பணப்பை என்ன ஆகும் என்பதைவிட, நாடு எப்படி இருக்கிறது, என்னைப் போன்றவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதே மக்களின் எடையில் கனமாக இருக்கிறது.

தராசுமுள் அவர்களின் முதல் பதிவில் ஒளிந்திருக்கும் ஓர் எண்ணத்தையும் நான் மறுக்க வேண்டியிருக்கிறது. ஆராயாமல் பெற்ற நம்பிக்கை ஒரு குறைபாடு என்ற தொனி அதில் இருக்கிறது. 1790இல் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி, பழமைவாதத்தின் முன்னோடியான எட்மண்ட் பர்க் எழுதியபோது இதற்கு நேர்மாறாகவே வாதிட்டார்: ஒவ்வொரு மனிதரிடமும் இருக்கும் தனி அறிவின் கையிருப்பு சிறியது; தலைமுறைகள் சேர்த்துவைத்த பொது அறிவிலிருந்து எடுத்துக்கொள்வதே அவருக்கு நல்லது; முன்கூட்டியே உள்ளத்தில் ஊன்றியிருக்கும் நம்பிக்கை, முடிவெடுக்க வேண்டிய நெருக்கடியில் மனிதரைத் தடுமாற விடுவதில்லை. பழமைவாதம் பரம்பரையாக வருகிறது என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னால், அது பழமைவாதத்துக்கு எதிரான சான்றாகாது. அது அப்படித்தான் வர வேண்டும் என்பதே அதன் கொள்கை.

கீழ்வானம்:

பழஞ்சுவடி ஐயா சொன்னதிலிருந்து எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒவ்வொரு கருத்தியலுக்குள்ளும், மனிதர் எப்படி நம்பிக்கை கொள்கிறார் என்பதைப் பற்றிய ஒரு கோட்பாடு ஏற்கெனவே இருக்கிறது போலும். மார்க்சியத்துக்கு வர்க்க நிலை, பழமைவாதத்துக்கு மரபு. தாராளவாதிகள் இதில் என்ன சொல்கிறார்கள்? யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

திறந்தகதவு:

முயல்கிறேன். பிறப்பின் தற்செயலைத் தாராளவாதம் காணாமல் விடவில்லை. அதைக் கண்டு கலங்கியதிலிருந்துதான் அதன் சிறந்த வாதங்கள் பிறந்தன. லண்டனில் ஒருவரைக் கிறித்தவத் திருச்சபையினராக ஆக்கிய அதே காரணங்கள், பீக்கிங்கில் பிறந்திருந்தால் அவரைப் பௌத்தராகவோ கன்பூசியராகவோ ஆக்கியிருக்கும் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதினார். அதிலிருந்து அவர் எடுத்த முடிவு, யாருடைய வாயையும் மூடக் கூடாது என்பது. நம் நம்பிக்கை இடத்தாலும் காலத்தாலும் வந்ததாக இருக்கக்கூடும் என்பதால்தான், எதிர்க்கருத்தோடு அது மோதிப் பார்க்கப்பட வேண்டும்.

1971இல் ஜான் ரால்ஸ் இதை இன்னொரு வழியில் அணுகினார். நாம் செல்வரா ஏழையா, எந்த இனம், எந்த மதம், என்ன திறமை என்பது எதுவுமே தெரியாத ஒரு திரைக்குப் பின்னால் நின்று சமூகத்தின் விதிகளை வகுத்தால், எந்த விதிகளை ஒப்புக்கொள்வோம்? தன் நிலையிலிருந்து எழும் சார்பைக் கழித்துப் பார்க்கும் ஒரு கருவி அது. ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் அது மிகப் பின்தங்கியவர்களுக்கும் பயன் தருவதாக இருக்க வேண்டும் என்ற இடத்துக்கு அவர் வந்தார். மூன்றே ஆண்டுகளில் ராபர்ட் நோசிக், நியாயமான வழியில் ஈட்டியதை மறுபங்கீடு செய்ய அரசுக்கு உரிமையில்லை என்று எதிர்வாதம் வைத்தார். இருவரும் தனிமனித உரிமை என்ற ஒரே வேரிலிருந்து கிளம்பியவர்கள் என்பதை மறந்துவிட்டுத்தான் தாராளவாதத்தைப் பலர் ஒற்றை முகமாகத் திட்டுகிறார்கள்.

மனமாற்றம் நடக்கவே நடக்காது என்பதும் சரியல்ல. 2016இல் வெளியான மயாமி நகர ஆய்வில், வீடு வீடாகச் சென்றவர்கள் திருநர்களைப் பற்றி ஏறத்தாழ 10 நிமிடங்கள் வாக்காளர்களுடன் உரையாடினார்கள். தாமே வேற்றாளாக நடத்தப்பட்ட ஒரு தருணத்தை நினைத்துப் பார்க்கும்படி கேட்டார்கள். முன்முடிவு குறைந்தது; அந்த மாற்றம் குறைந்தபட்சம் மூன்று மாதங்கள் நீடித்தது. தவறான தகவலைத் திருத்தினால் மக்கள் இன்னும் பிடிவாதமாவார்கள் என்று 2010 வாக்கில் பரவிய கருத்தும், பின்னர் பெரிய அளவில் சோதித்தபோது பெரும்பாலும் நிலைக்கவில்லை.

எண்ணும் எழுத்தும்:

தகவல்களை மக்கள் ஏற்கிறார்கள் என்பது ஒன்று. அவற்றிலிருந்து சரியான முடிவுக்கு வருகிறார்கள் என்பது வேறு. 2013இல் டான் கஹான் குழுவினர் நடத்திய சோதனையை, எண்களோடு அப்படியே முன்வைக்கிறேன். தோல் தடிப்புக்கான ஒரு புதிய களிம்பு. பூசியவர்களில் 223 பேருக்குக் குணம் தெரிந்தது, 75 பேருக்கு மோசமானது. பூசாதவர்களில் 107 பேருக்குக் குணம் தெரிந்தது, 21 பேருக்கு மோசமானது. களிம்பு பயன்பட்டதா?

223 என்ற பெரிய எண் கண்ணில் பட்டவுடன் பயன்பட்டது என்று சொல்லத் தோன்றும். விகிதம் பார்த்தால், பூசியவர்களில் 75 சதவீதத்தினரும் பூசாதவர்களில் 84 சதவீதத்தினரும் தேறியிருக்கிறார்கள். களிம்பு கெடுதல்தான் செய்திருக்கிறது. கணக்கில் தேர்ந்தவர்கள் இதைக் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். அதுவரை எதிர்பார்த்ததே.

பிறகு அதே எண்களை வேறொரு தலைப்பின்கீழ் கொடுத்தார்கள்: பொது இடங்களில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதைத் தடை செய்த நகரங்களில் குற்றம் கூடியதா, குறைந்ததா? அட்டவணையின் தலைப்புகளை மாற்றிப்போட்டு, சிலருக்குத் தடை பயனளித்தது என்றும் சிலருக்குப் பயனளிக்கவில்லை என்றும் விடை வரும்படி அமைத்தார்கள். இப்போது தாராளப்போக்கினரும் பழமைப்போக்கினரும் தத்தம் சார்புக்கு ஒத்துவந்த விடையையே சரியாகக் கண்டார்கள். கணக்கில் தேர்ந்தவர்களிடம் இந்தப் பிளவு குறையவில்லை, அகன்றது. விடை தமக்குப் பிடிக்காததாகத் தோன்றினால் மட்டும் அவர்கள் நின்று விகிதம் பார்த்தார்கள். பிடித்ததாக இருந்தால் முதல் பார்வையோடு நிறுத்திக்கொண்டார்கள். படித்தவர்களுக்கிடையே அரசியல் வாதம் ஏன் இவ்வளவு கூர்மையாகவும் பயனற்றும் நடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. (இந்த இழையும் அதற்கு விலக்கா என்பதை ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுக்கொள்ளலாம்.)

தராசுமுள்:

கீழ்வானம் கேட்டது இந்த இழையின் மையத்துக்கே போகிறது. எஞ்சிய கருத்தியல்களையும் அதே கேள்வியோடு பார்ப்போம்.

தேசியவாதம், மனிதர் தம்மை ஒரு மக்களினத்தின் பகுதியாக இயல்பாகவே உணர்கிறார்கள் என்று கொள்கிறது. ஒருபோதும் நேரில் சந்திக்கப்போகாத கோடிக்கணக்கானோருடன் உடன்பிறப்புணர்வு ஏற்பட அச்சும் நாளிதழும் பள்ளியும் தேவைப்பட்டன என்பது 1983இல் பெனடிக்ட் ஆண்டர்சன் முன்வைத்த வாதம். அரசின்மைவாதிகளுக்கு, மக்கள் அரசை நம்புவதே அரசு தந்த பழக்கம். பாசிசம் காரணம் கூறும் சிரமத்தையே ஏளனம் செய்தது; 1922இல் இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்தபோது அவருடைய இயக்கத்திடம் ஒழுங்கான கோட்பாட்டு நூல் எதுவும் இல்லை. புனைவும் சீருடையும் செயலும் போதும் என்பதே அதன் உளவியல். பெண்ணியத்தின் 1960களின் இறுதிக்கால அலை இதற்கு முற்றிலும் மாறான ஒரு வழியைக் கண்டது: பெண்கள் சிறு குழுக்களாக அமர்ந்து தம் வாழ்வை ஒருவருக்கொருவர் சொல்லி, தனிப்பட்ட துயரம் என்று எண்ணியது பொதுவான ஏற்பாடு என்று உணர்வது.

ஆனால் கருத்தியல்களை இறுகிய பெட்டிகளாக எண்ணிவிடக் கூடாது. தொழிலாளருக்கான நோய்க் காப்பீட்டை 1883இல் சட்டமாக்கியவர், சோசலிஸ்டுகளை ஒடுக்கிக்கொண்டிருந்த ஜெர்மனியின் ஆட்சித்தலைவர் பிஸ்மார்க். அதே ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி, புரட்சிக்குப் பதிலாகச் சீர்திருத்தம் என்று 1890களின் இறுதியில் அக்கட்சியின் பெர்ன்ஸ்டைன் எழுதியபோது கொதித்தெழுந்தது; 1959இல் பாட் கோடெஸ்பெர்க் மாநாட்டில் மார்க்சியத்தை விட்டு விலகிச் சந்தையை ஏற்றது. பழமைவாதிகள் கொண்டாடும் சந்தை ஆதரவுப் பொருளியலாளர் ஹயெக், தாம் ஏன் பழமைவாதி அல்ல என்று 1960இல் தனிக் கட்டுரையே எழுதினார். ஒரு பெயரின்கீழ் ஒன்றாக வரும் கருத்துகளில் பல, தர்க்கத்தால் இணைந்தவை அல்ல. வரலாற்றில் யார் யாரோடு கூட்டுச் சேர்ந்தார்கள் என்பதால் இணைந்தவை. நாம் அந்தக் கட்டை மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம். என் முதல் பதிவின் ஐயத்துக்கு இதையே முக்கியமான ஆதாரமாகக் கருதுகிறேன்.

செம்பருத்தி:

எங்கெல்ஸ் கேள்விக்கு விடை மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய 1848ஆம் ஆண்டு கம்யூனிஸ்ட் அறிக்கையிலேயே இருக்கிறது, பழஞ்சுவடி ஐயா: ஆளும் வர்க்கத்தின் ஒரு சிறு பகுதி அதை விட்டு விலகி எழுகின்ற வர்க்கத்தோடு சேரும் என்று அவர்களே எழுதினார்கள். தொழிலாளர் ஏன் தம் நலனுக்கு எதிராக நிற்கிறார்கள் என்பதே எங்களுக்குக் கடினமான கேள்வி. அதற்காகத்தான் இத்தாலிய மார்க்சியரான கிராம்ஷி முசோலினியின் சிறையில் அமர்ந்து குறிப்பேடுகளை நிரப்பினார். பள்ளி, திருச்சபை, நாளிதழ் ஆகியவற்றின் வழியே ஆள்வோரின் பார்வை எல்லோருக்குமான பொதுப்புத்தியாக மாறிவிடுகிறது என்றார். நீங்கள் பர்க்கின் பெயரால் போற்றும் ‘தலைமுறைகளின் கையிருப்பு’, அவர் கண்ணில் யாரோ நிரப்பிவைத்த கிடங்கு.

பழஞ்சுவடி:

ஆட்சியே சோசலிசமாக இருந்த இடத்திலும் அதே கிடங்கு நிரம்பியது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு ஜெர்மனிகளின் இணைப்புக்குப் பிறகும் கிழக்கு ஜெர்மானியர், மேற்கு ஜெர்மானியரைவிட அரசு கூடுதலாகச் செய்ய வேண்டும் என்று எண்ணினார்கள். அந்த ஆட்சியின்கீழ் நீண்ட காலம் வாழ்ந்த மூத்தவர்களிடம் அது மேலும் வலுவாக இருந்தது. இதுவும் 2007இல் வெளியான ஆய்வுதான்.

நெடுங்கணக்கு:

இருவரும் சொல்வது, இளமையில் படிவது நிற்கிறது என்ற இடத்தில் சந்திக்கிறது. தலைமுறைகளைப் பற்றி 1928இல் சமூகவியலாளர் மன்ஹைம் எழுதியதும் அதுவே. ஆனால் இளமையில் எது படியும் என்பதில் தற்செயலின் பங்கு எவ்வளவு என்பதற்கு, நான் முன்பு சொன்ன அதே 1965 மாணவர்களிடமிருந்து ஒரு தொடர்ச்சி உண்டு.

1969 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் நடந்தது. ஆண்டின் 366 தேதிகளும் தனித்தனிக் குப்பிகளில் இடப்பட்டன. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்த, வயது வரம்புக்குள் வரும் இளைஞர்கள் எல்லோரும் முதல் எண் பெற்றார்கள். அழைப்பு கடைசியில் 195ஆம் எண்ணோடு நின்றது. கல்லூரிப் படிப்பைக் காட்டி அதுவரை விலக்குப் பெற்றிருந்தவர்களுக்கு, இப்போது பிறந்த தேதி மட்டுமே விதி. எரிக்சன், ஸ்டோக்கர் என்ற ஆய்வாளர்கள், 1965இல் நேர்காணப்பட்ட அதே ஆண்களின் பிந்தைய பதில்களை அவர்களுடைய குலுக்கல் எண்ணோடு பொருத்தி 2011இல் வெளியிட்டார்கள். கல்லூரிக்குச் சென்றவர்களில் ஆபத்தான எண் பெற்றவர்கள் போரைக் கூடுதலாக எதிர்த்தார்கள். 1972 தேர்தலில் போரெதிர்ப்பு வேட்பாளரான மெக்கவர்ன் பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். அவர்களிடம் பெற்றோரிடமிருந்து வந்த கட்சிச் சார்பின் பிடியும் தளர்ந்தது. 1997இல் நேர்கண்டபோதும், போரைப் பற்றிய அவர்களுடைய கருத்தில் அந்த எண்ணின் தடம் தெரிந்தது. உண்மையில் போருக்குப் போனார்களா என்பதைவிட, போகவேண்டி வரலாம் என்று எண்ணின் வழியே உணர்ந்ததே வேலை செய்தது.

திறந்தகதவு:

அப்படியென்றால் அவர்கள் சிந்தித்திருக்கிறார்கள் என்றும் அதைப் படிக்கலாமே? தாம் அதுவரை கவனிக்காத ஒரு போரை, தம் உயிரைத் தொட்டபோது கவனித்து ஆராய்ந்தார்கள். தூண்டியது தற்செயல் என்பதால், அடைந்த முடிவு பகுத்தறிவற்றது என்றாகிவிடாது.

தராசுமுள்:

படிக்கலாம், நல்ல எண் பெற்றவர்கள் ஏன் அதே ஆராய்ச்சியில் இறங்கவில்லை என்பதையும் விளக்கினால். போர் இருவருக்கும் ஒன்றுதானே.

நெடுங்கணக்கு:

அந்தக் கேள்வியைத் தீர்க்கும் ஆய்வை நான் காணவில்லை. ஆனால் பெற்ற நம்பிக்கை எப்படி நிலைக்கிறது என்பதற்கு ஒன்று இருக்கிறது. 1930களில் அமெரிக்காவின் பென்னிங்டன் மகளிர் கல்லூரியில் தியோடர் நியூகோம் நடத்தியது அது. 1936 குடியரசுத் தலைவர் தேர்தலில், வசதியான பழமைவாதக் குடும்பங்களிலிருந்து வந்திருந்த முதலாண்டு மாணவியரில் 62 சதவீதத்தினர் குடியரசுக் கட்சியின் லாண்டனை ஆதரித்தார்கள். மேல் வகுப்பு மாணவியரில் 15 சதவீதத்தினர் மட்டுமே. அவர்களில் 30 சதவீதத்தினர் சோசலிஸ்ட், கம்யூனிஸ்ட் வேட்பாளர்கள் பக்கம். ஆசிரியர்களும், மதிப்புக்குரிய மூத்த மாணவியரும் அந்தப் போக்கினராக இருந்தார்கள். கல்லூரிக்குள் மதிப்புப் பெற விரும்பியவர்கள் விரைவில் மாறினார்கள், வீட்டோடு நெருக்கமாகவே இருந்துவிட்டவர்கள் அவ்வளவாக மாறவில்லை. ஏறத்தாழ 25 ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிச் சென்று கேட்டபோது, பெரும்பாலானோர் கல்லூரியில் பெற்ற பார்வையிலேயே இருந்தார்கள். ஒத்த கருத்துள்ள கணவரையும் நண்பர்களையும் தேர்ந்துகொண்டவர்களிடம் அது நின்றது; பழைய சுற்றத்துக்குள் மணம்புரிந்து சென்றவர்களிடம் தேய்ந்திருந்தது.

திறந்தகதவு அவர்களே, அந்தக் கணவரையும் நண்பர்களையும் தேர்ந்தெடுத்தது அவர்கள்தான் என்று நீங்கள் சொல்வீர்கள். செம்பருத்தி, அந்தக் கல்லூரியில் சேர எவ்வளவு வசதி வேண்டியிருந்தது என்று கேட்பார். இரண்டுக்கும் நியூகோமின் தரவுகளில் இடம் இருக்கிறது.